நேற்று போன வழி

சக்கர நாற்காலியின் சட்டத்தில் பட்டையைக் கோத்து, கொக்கியை வேனின் தரையில் இருக்கும் வளையத்தில் மாட்டி, ஒரே இழுப்பில் இறுக்குவான். பிறகு எழுந்து மறுபக்கம் போவான். நான்கு மூலைக்கும் அப்படியே. கடைசியில் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்ப்பான். நாற்காலி அசையாது. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் அசைவார்.

"தம்பி, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நிலாவுக்கு இல்ல," என்பார் கணக்கு டீச்சர்.

"இறுக்கமா இருந்தா நல்லது டீச்சர்," என்பான். சிரிக்க மாட்டான்.

அவனை எல்லோரும் கான்வாய் என்றுதான் கூப்பிட்டார்கள். படை வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் வரிசைக்கு அந்தப் பெயர். ஒற்றை வேனை ஓட்டுகிறவனுக்கு அது எப்படி வந்தது என்றால், பின்னால் இருபது லாரி வருவது போல நடுரோட்டை விட்டு இறங்காமல் ஓட்டுவான். யாரையும் முந்த விடமாட்டான். ஹாரன் அடித்து அடித்துச் சலித்துப்போய்த் திட்டிவிட்டுப் போகிறவர்களின் வசவு எல்லாம் ஜன்னல் வழியாக எங்களுக்குத்தான் வந்து விழும்.

எங்களுக்கு என்றால், எனக்கும் நோயாளிகளுக்கும். சிறுநீரகம் கெட்டுப் போனவர்களை வீட்டிலிருந்து ஏற்றி, ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்த பிறகு மறுபடி வீட்டில் இறக்கிவிடுவது எங்கள் பராமரிப்பு மையத்தின் வேலைகளில் ஒன்று. நான் அந்த வேனில் உதவியாளர். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வண்டிக்குள் இருப்பவர்களின் உடம்பைப் பற்றித் தெரியும்.

கான்வாய்க்கு நாற்பது வயது இருக்கும். அவன் அப்பா மரவாடியில் கட்டை இறக்கியவர். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவன், இருபது வருடத்துக்கு மேல் அங்கே லாரி ஓட்டினான். தண்ணீர், மாவு, மண்ணெண்ணெய், ஆட்கள், சில சமயம் ஆட்களின் உடல்கள். ஓட்டிய சாலைகளில் பாதி, கண்ணி புதைத்த சாலைகள். இதை எல்லாம் அவன் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. கேட்டால் ஒரு வார்த்தை வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

அவன் வெளியே வந்த சமயத்தில்தான் அந்தச் சட்டமும் வந்தது. படையை விட்டு வருகிறவர்களுக்கு ஆதரவு தரும் சட்டம். அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. சனங்கள் அதை 'இறங்குபடிச் சட்டம்' ஆக்கிவிட்டார்கள். ஏறும்போது கைகொடுத்து ஏற்றியவர்கள் இறங்கும்போது பிடரியில் கைவைத்துத் தள்ளக் கூடாது, கீழே கால் வைக்க ஒரு படியாவது போட வேண்டும் என்ற அர்த்தத்தில். நல்ல பெயர்தான். முகாமில் ஓர் அதிகாரி நின்று அதை முழுதாக விளக்கினாராம். வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டியவர்களுக்கு யார் பேச்சு காதில் ஏறும்? கான்வாயின் காதில் ஒன்றே ஒன்றுதான் ஏறியது. படையில் கனரக வண்டி ஓட்டியவனுக்கு வெளியே தனியாகச் சோதனை வேண்டாம், அந்த லைசென்ஸே செல்லும்.

அவனை வேலைக்கு எடுக்கும் இடத்துக்கு முதல் வருடம் பாதிச் சம்பளத்தை அரசு தரும் என்பது இன்னொரு பிரிவு. எங்கள் மானேஜர் காதில் அது ஏறியது. இரண்டும் சேர்ந்து, ஒரு நாள் காலையில் கான்வாய் எங்கள் வேனின் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்தான்.

நல்ல ஓட்டுனர். அதைச் சொல்லாமல் விட்டால் பொய். எண்ணெய் அளவு, பிரேக், டயர் எல்லாம் தினமும் பார்ப்பான். நேரம் தவற மாட்டான். நோயாளிகளை ஏற்றும்போது அவர்கள் உடம்பில் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று ஒரு தடவை சொன்னேன், மறுபடி சொல்ல வேண்டி வரவில்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. நேற்று போன வழியில் இன்றைக்குப் போக மாட்டான்.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் எங்கள் நோயாளிகளில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரர் கண்டுபிடித்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரின் தெருக்களை நடந்து அளந்தவர் அவர். "போன தடவை மார்க்கெட் வழி. இன்னைக்கு ரயில்வே கேட் வழி. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். எனக்கு உடம்பு சரியில்லாம போனதுல ஒரே லாபம் இதுதான். ஊரை டிக்கெட் இல்லாம சுத்திக் காட்டுறாரு."

"ஏன் தம்பி இப்படி?" என்று நான் கேட்டேன்.

"ரூல்ம்மா. ஒரே வழியில ரெண்டு நாள் போனா, மூணாவது நாள் நமக்காக அங்க ஏதாவது காத்துக்கிட்டு இருக்கும்."

"இங்க யாரு காத்திருக்கப் போறா? பால் வண்டியா?"

"தெரியும்மா," என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பயன் இல்லை. புத்திக்குத் தெரிவதை எல்லாம் கை கேட்குமா?

அவன் மனைவி துணித் தொழிற்சாலையில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். படையில் கொடுத்த சட்டப் புத்தகத்தை அவள்தான் முழுக்கப் படித்தாள். அதில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. வெளியே வந்த ஒரு வருடத்துக்குள், வேலையில் இருக்கும்போதே, உடம்பிலோ மனதிலோ படை விட்டுச் சென்ற கோளாறு எதுவானாலும் அதற்கென்று இருக்கும் அரசு அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம். சொன்னால் வைத்தியம் செய்வார்கள். வைத்தியம் முடியும் வரை சம்பளம் வரும், வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆனால் அவனே போய்ச் சொல்ல வேண்டும். பெண்டாட்டி சொன்னால் செல்லாது, டாக்டர் சொன்னாலும் செல்லாது. சொன்ன நிமிடத்தில் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்களுடைய டாக்டர் கையில்.

"படிக்கட்டு போட்டிருக்காங்கம்மா, ஆனா கதவைச் சாத்திக்கிட்டுதான் இறங்கணும்," என்றாள் அவள் என்னிடம். பல மாதம் அவனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்."

படையில் அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் கிடையாது. காலை வரிசையில் நிற்கும்போது காய்ச்சல் என்று ஒருவன் சொன்னால், அவன் வேலை பக்கத்தில் நிற்பவன் தலையில் விழும். அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊமை வருடங்கள் எல்லாம் அவன் நாக்கில் படிந்து கிடந்தன.

அந்த ஒரு வருடம் முடியப் போகும் மாதத்தில்தான் அது நடந்தது.

தபால்காரரையும் டீச்சரையும் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அழைத்து வந்துகொண்டிருந்தோம். குழாய் பதிக்க ரயில்வே கேட் பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் தார் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கொடி பிடித்த ஆள் எங்களை மார்க்கெட் வழியாகப் போகச் சொல்லிக் கைகாட்டினான். முந்தின நாள் நாங்கள் வந்தது மார்க்கெட் வழி.

கான்வாய் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஹாரன் அலறியது.

"போங்க தம்பி. அவங்களுக்குச் சாப்பாட்டு நேரம்," என்றேன்.

போனான். கழுத்தின் பின்புறம் வியர்வை வழிவதை நான் பார்த்தேன். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சிறு பாலம். பாலத்துக்கு முன்னால், ரோட்டின் நடுவில், ஒரு சாக்கு மூட்டை கிடந்தது.

பிரேக்கை அவன் மிதித்த மிதியில் என் தலை முன் சீட்டில் இடித்தது. அடுத்த நொடி வண்டி பின்னால் பாய்ந்தது. அப்படி ஒரு வேகத்தில் பின்னால் போகும் வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஏதோ நொறுங்கியது. பிளாஸ்டிக் குடங்கள் விற்கும் தள்ளுவண்டி. விற்றவர் குதித்து ஒதுங்கியதால் பிழைத்தார். மஞ்சளும் பச்சையுமாகக் குடங்கள் ரோடு முழுக்க உருண்டன.

பட்டை நாற்காலியைத்தான் பிடிக்கும். அதில் இருப்பவர் கையைப் பிடிக்காது. தபால்காரரின் இடது கை ஜன்னல் கம்பியில் மோதியது. இரத்தம் சுத்திகரிப்பவர்களுக்கு முன்கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருப்பார்கள். அங்கேதான் ஊசி போடுவது. ஊசி எடுத்த கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் அடிபட்டால், தெருக் குழாய் உடைந்த மாதிரிப் பீறிடும். பீறிட்டது. நான் கட்டைப் பிரித்து, துவாரத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்தேன். இதற்கு வேறு வித்தை கிடையாது. விரலை எடுக்காமல் இருப்பதுதான் வித்தை.

"டிரைவர், ஆஸ்பத்திரிக்குத் திருப்பு," என்றேன். சீட்டில் ஆள் இல்லை.

கான்வாய் ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் விரித்து, வருகிற வண்டிகளை எல்லாம் தடுத்து, "பின்னால போங்க, பின்னால போங்க," என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆட்கள் உண்மையிலேயே பின்னால் போனார்கள். அந்தக் குரலைக் கேட்டால் யாரும் போவார்கள்.

தெரு பெருக்கும் பெண் ஒருத்தி மட்டும் போகவில்லை. இதென்ன வம்பு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். கான்வாய் அப்படியே தரையில் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டான்.

மூட்டைக்குள் ஈரமான சருகு இருந்தது. அவளே காலையில் கட்டி வைத்த மூட்டை. குப்பை வண்டியிலிருந்து விழுந்திருக்கிறது. அவள் அதை ஓரத்தில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நாலு பேருக்குப் பரவியது. ரோட்டில் கிடந்தவன் எழவில்லை.

என்னால் இறங்க முடியாது. விரலை எடுக்க முடியாதே. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிரைவர், உள்ள ஒருத்தருக்கு ரத்தம் போகுது. வண்டியை எடு," என்று சொன்னேன். கத்தவில்லை. வார்டில் சொல்வது போல் சொன்னேன்.

எழுந்தான். கையில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைத்தான். ஏறி உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தளும்பாத மாதிரி, ஆஸ்பத்திரி வரை ஓட்டிக்கொண்டு போனான்.

இரண்டு தையலில் தபால்காரர் பிழைத்தார். பிழைத்தவர், மானேஜர் வந்து கேட்டதும் பொய் சொன்னார். "தள்ளுவண்டிக்காரன் குறுக்க வந்துட்டான் சார். நம்ம கான்வாய் இல்லைன்னா இன்னைக்கு எனக்கு மாலைதான்."

மானேஜர் கான்வாயின் முதுகில் தட்டி, தன் கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தார். குடக்காரரை அவரே சமாதானம் செய்து அனுப்பினார். டீச்சர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "கணக்கு உதைக்குதே. நாம பின்னால போனோமா, அவன் குறுக்க வந்தானா?" என்றார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கான்வாய் நின்றான். டீ ஆறிப்போனது.

சாயங்காலம் நான் அவன் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அடுப்படி. வேனின் சீட் உறையைக் கொண்டுவந்து வாளியில் போட்டு இரத்தக் கறை போகத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் மனைவி. நாற்காலியில் அவளுடைய அண்ணன், பஸ் டிப்போவில் மெக்கானிக்.

"வெந்நீர் ஊத்தாதீங்க தம்பி, கறை பிடிச்சிக்கும். பச்சைத் தண்ணிதான்," என்று சொல்லிவிட்டு வந்த விஷயத்துக்கு வந்தேன். "நடந்ததை நாளைக்குக் காலையில மானேஜர்கிட்ட சொல்லப் போறேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மெக்கானிக் நிமிர்ந்தான். "என்னம்மா நீங்க. அடிபட்ட பெரியவரே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவர் கை அவருக்குச் சொந்தம். வண்டியில அடுத்து ஏறப்போறவங்க கை அவருக்குச் சொந்தம் இல்லையே."

"மாப்ள, நீ வாயைத் திறக்காத. தவளை தன் வாயால கெடும். எங்க டிப்போல எத்தனை பேர் இந்த மாதிரி லைசென்ஸுக்காக நாயா பேயா அலையறான் தெரியுமா? சட்டமே உன் கையில குடுத்திருக்கு. அதை நீயே போய்த் திருப்பிக் குடுப்பியா?"

"அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் அவள்.

"நான் சும்மா இருந்தா உன் வீட்டு அடுப்பு எரியுமா?"

"உன் டிப்போ பஸ்ல இவரை உட்கார வச்சு, உன் புள்ளைங்களை அதுல ஏத்தி அனுப்புவியா? அதுக்குப் பதில் சொல்லு."

மெக்கானிக் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான்.

நான் கான்வாயிடம் சொன்னேன். "இங்க பாருங்க. நான் சொன்னதும் மானேஜர் உங்களை அனுப்பிடுவாரு. அனுப்பிட்டா, வேலையில இல்லாதவர் ஆயிடுவீங்க. அப்புறம் அந்த வைத்தியப் பிரிவு உங்களுக்குக் கிடையாது. நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே அலுவலகத்துல போய்ச் சொல்லிட்டா, அவரால உங்களைத் தொட முடியாது. மையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். அலுவலகம் அதுக்கு முன்னாடி திறக்குது. நான் சொல்றதை நிறுத்த மாட்டேன். முந்திக்கிறது உங்க கையில."

அவன் உறையைப் பிழிந்தான். கறை போகவில்லை. மறுபடி தண்ணீரில் போட்டான்.

"லைசென்ஸை வாங்கிட்டா திரும்பத் தருவாங்களாம்மா?"

"தெரியாது."

"தராம போனா?"

"தராம போனா ஓட்ட முடியாது."

அவன் மனைவி என்னை முறைத்தாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொல்லியிருக்கலாம் என்று அர்த்தம். எனக்கு அது வராது. நோயாளியிடம் வலிக்காது என்று சொல்லி ஊசி குத்தினால், அடுத்த முறை அவன் கையை நீட்ட மாட்டான்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா," என்றான் அவன். "பதினெட்டு வயசுலேர்ந்து இது ஒண்ணுதான். ஸ்டீயரிங்கை எடுத்துட்டா இந்தக் கை எதுக்கு?"

கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவனே பேசினான், வாளியைப் பார்த்தபடி. "அன்னைக்கு நேத்துப் போன வழியிலதான் போனோம். லேட் ஆயிடுச்சுன்னு. எனக்கு முன்னால போன வண்டியில எங்களுக்குச் சமைக்கிற குக் இருந்தான். ரோட்டுல ஒரு மூட்டை. இறங்கிப் பார்க்கவான்னு வயர்லெஸ்ல கேட்டான். நான்தான் சொன்னேன், ஒண்ணும் இருக்காது, போடான்னு."

அவன் மனைவிக்கு அது புதிது என்று அவள் முகத்தில் தெரிந்தது. கட்டிலை விட்டு எழுந்து, அவனிடமிருந்து உறையை வாங்கி, அவளே தேய்க்கத் தொடங்கினாள். மெக்கானிக் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "காலையில வண்டி கொண்டுவரவா மாப்ள?" என்றான். எங்கே போக என்று சொல்லவில்லை. கான்வாயும் சொல்லவில்லை. போவானா மாட்டானா என்று தெரியாமலேயே நான் படி இறங்கினேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் நடந்ததை அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவு திறக்கும் முன்பே இருவரும் போய் நின்றிருக்கிறார்கள். மெக்கானிக்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "என்ன பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன்," என்றானாம். பழக்க தோஷம்.

"அப்போ அடுத்தவர் வரலாம்," என்றாராம் அவர்.

அவள் அவன் இடுப்பில் நன்றாகக் கிள்ளியிருக்கிறாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டுல மூட்டை கிடந்தா என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது சார். நேத்து அதனால ஒருத்தருக்கு ரத்தம் போச்சு," என்று சொல்லியிருக்கிறான். அவர் எழுதிக்கொண்டார். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம் ஒரு தேதி கொடுத்தார். அதற்கு முன்னால் தேதி இல்லையா என்று அவள் கேட்டதற்கு, இவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். பிறகு லைசென்ஸைக் கேட்டு வாங்கி, ஓர் உறையில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நான் மானேஜரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மையத்துக்குள் வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. மானேஜரின் முகம் கறுத்துப் போயிருந்தது. "ஒரு வருஷமா எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சிருக்கீங்க," என்றார். அது பாதி உண்மை. சாவி வாங்கக் கையை நீட்டினார். அவர் கோபத்தின் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்த வேனில் அவருடைய தாயாரும் வாரம் ஒருமுறை போய் வருகிறார்.

கான்வாய் சாவியை அவர் கையில் வைத்தான். "பின்னால இடது டயர்ல காத்து மெதுவா இறங்குது சார். ஓட்டறதுக்கு முன்னாடி பார்த்துக்கச் சொல்லுங்க," என்றான்.

வேறு டிரைவர் இல்லை. நான் தெருமுனைக்குப் போய் இரண்டு ஆட்டோ பிடித்து வந்தேன். நேற்று வண்டி குலுங்கியதற்காக டாக்டரிடம் காட்ட மையத்துக்கு வந்திருந்த டீச்சரை நாற்காலியிலிருந்து தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். கான்வாய் ஒரு பக்கம் பிடித்தான். ஆட்டோக்காரர் எந்த வழியாகப் போகட்டும் என்று என்னைக் கேட்டார். கிட்ட இருக்கும் வழியில் போகச் சொன்னேன். நாங்கள் திரும்பி வரும்வரை அவன் மையத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.